ஆத்தாளைக் கிட்டத்தில் பார்த்தவள்

1

போன வாரம் தங்குசீட்டைப் புதுப்பிக்கத் துறைமுக ஆபீசுக்குப் போயிருந்தேன். மலாய் நாட்டுக்கு வந்ததிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் படியை ஏறுவது வழக்கம். மேசைக்குப் பின்னால் இருக்கிற முகம் மாறும், கேள்விகள் மாறாது. பெயர் என்ன, தகப்பனார் பெயர் என்ன, எந்த ஊர். கோயமுத்தூர் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னாலும் அவர்கள் காதில் வேறெதுவோ விழும். ஒரு வருஷம் ‘கோயாமத்து’வில் பிறந்தேன். இந்த வருஷம் ‘குய்பத்தோர்’ என்ற ஊரில் பிறந்திருக்கிறேன்.

அடுத்த கேள்வியை மலாய் மொழியில் கேட்டார் அந்தச் சின்ன வயதுக் குமாஸ்தா. கல்யாணம் ஆகிவிட்டதா என்று. ‘தீடா’ என்றேன். இல்லை என்று அர்த்தம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையைத் திருத்துவது போல என்னைத் திருத்தினார். இந்தக் கேள்விக்கு ‘தீடா’ சொல்லக் கூடாதாம். ‘பெலும்’ என்று சொல்ல வேண்டுமாம். ‘இன்னும் இல்லை’ என்று பொருள். எழுபது வயதுக் கிழவி ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ‘இல்லை’ என்று சொன்னால் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அது மரியாதை இல்லை என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். முப்பதைத் தொடப்போகிற வயதில், முகமெல்லாம் அம்மைத் தழும்போடு நிற்கிற என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு நானும் சிரிக்க முடிந்ததே என்று படியிறங்கும்போது நினைத்துக்கொண்டேன். ஒரு காலத்தில் இதே கேள்விக்கு வாழைத்தோப்புக்குள் போய் நின்று அழுதிருக்கிறேன். சிரிக்க முடிந்தது எப்படி என்று நம்ம ஊர்ப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

என் பெயர் மயிலாத்தாள். கோயமுத்தூர் ஜில்லாவில், கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். வாய்க்கால் பாசனம். நெல்லும் வாழையும் எங்கள் வெள்ளாமை. அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். எனக்குக் கீழே ஒரு தங்கை, ராமாத்தாள்.

நான் கைக்குழந்தையாய் இருந்தபோது சர்க்கார் ஆள் அம்மை குத்த வந்தாராம். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வாழைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளை நான் குறை சொல்லவில்லை. ஆத்தா கொடுப்பதை மனுஷன் கையால் தடுத்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று அன்றைக்கு ஊரே நம்பியது. பாதிக் குழந்தைகள் தோப்பிலும் சோளக்காட்டிலும்தான் இருந்தார்கள்.

எனக்குப் பதினாறு வயதில் அம்மை போட்டது. பெரிய அம்மை. பிழைப்பேன் என்று யாரும் நினைக்கவில்லை, பிழைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகம்தான் மழை பெய்து காய்ந்த புழுதி மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் பெண் பார்க்க வந்தார்கள். நம்ம ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பலகாரம் சாப்பிடுவார்கள், வெள்ளாமை எப்படி என்று விசாரிப்பார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துபோவார்கள். ஒரு மாப்பிள்ளையின் அம்மா மட்டும் போகிறபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “பொண்ணு தங்கமுங்க. எங்க பையன்தானுங்க கொஞ்சம் பயந்த சுபாவம்” என்றாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது நெஞ்சில் குத்தியது.

அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். ஈரத் துணியோடு சுற்றினேன், விரதம் இருந்தேன், விளக்குப் போட்டேன். பக்கத்தில் இருக்கிற பெண்களெல்லாம், “ஆத்தாளே முத்துப் போட்டு உன்னைய எடுத்துக்கிட்டா கண்ணு” என்பார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். என்னைக் கேட்காமல் என்னை எடுத்துக்கொள்ள இவள் யார்? ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நின்றுவிட்டேன்.

“நான் உள்ள வல்லீங்கம்மா” என்றேன்.

“ஏங் கண்ணு, தீட்டா?”

“இல்லீங்க. அவ மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலீங்க.”

அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டிருப்பாள்.

அந்த வருஷமே ராமாத்தாளுக்கு ஈரோட்டுப் பக்கத்திலிருந்து நல்ல இடம் வந்தது. மஞ்சள் வியாபாரக் குடும்பம். எல்லாம் பிடித்திருந்தது. கடைசியில், மூத்தது இருக்கும்போது இளையதை எப்படி என்று இழுத்தார்கள். அன்றைக்கு அய்யனிடம் போய், “அவளுக்கு முடிச்சுப்போடுங்கய்யா. நான் துடியலூர் சின்னம்மா ஊட்டுக்குப் போயிக்கறேனுங்க” என்றேன். அய்யன் தானே பஸ்ஸுக்கு வந்து ஏற்றிவிட்டார்.

3

துடியலூரில் சின்னம்மா வீட்டுக்காரர் கோயமுத்தூர் மில் ஒன்றில் வேலை பார்த்தார். நீலகிரி பைக்காராவிலிருந்து கரண்டு வந்த புதிது. ஊரைச் சுற்றி மில்களாக எழும்பிக்கொண்டிருந்த காலம். நாலா பக்கத்திலிருந்தும் வேலைக்கு ஜனம் வந்து இறங்கியது. நான் சின்னம்மாவுக்கு ஒத்தாசையாய்ச் சமைப்பேன், மாட்டைப் பார்ப்பேன், குழந்தைகளுக்குத் தலை வாருவேன். காலையில் எழும்போது அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று முழுக்கத் தெரியும். எதற்காகப் போகிறது என்றுதான் தெரியாது.

பக்கத்து வீட்டில் ராஜம்மா என்று ஒரு பெண். புருஷனும் அவளும் மில்லில் வேலை செய்தார்கள். பங்குனி வெயிலில் மில் வரிசை வீடுகளில் அம்மை பரவியபோது அவளுக்கும் வந்துவிட்டது. புருஷன் பயந்துபோய் எங்கோ போய்விட்டான். முனிசிபாலிட்டி வண்டி வந்து அவளை ஊருக்கு வெளியே இருந்த அம்மைக் கொட்டாய்க்குக் கொண்டுபோக நின்றது. கூடப் போக ஒருவரும் இல்லை. தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டது. ராஜம்மா வண்டியில் படுத்துக்கொண்டு, “யாராச்சும் வாங்களே” என்று முனகினாள்.

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அதில் தைரியம் ஒன்றும் இல்லை. ஒருமுறை வந்தவளுக்கு மறுபடி வராது என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். சின்னம்மா ஓடிவந்து, “சாயந்தரம் வந்துருவியா அம்மணி?” என்று கேட்டாள். “வந்துருவேனுங்க” என்றேன்.

கொட்டாய் என்றால் பக்கச் சுவர் இல்லாமல் தகரக் கூரை மட்டும் போட்ட இரண்டு நீளச் சாளைகள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. சுற்றிலும் முள்வேலி. படுக்க வாழையிலை, விசிற வேப்பங்கொத்து, குடிக்க இளநீர். வேலைக்கு ஆள் கிடையாது. கிடைத்தவர்களும் வாசலோடு வைத்துவிட்டு ஓடினார்கள். டாக்டர் ஒருவர் தினமும் வந்தார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உனக்கு எப்போது வந்தது?” என்று கேட்டார். சொன்னேன். “இரண்டு நாள் இருக்க முடியுமா அம்மா?” என்றார். இருந்தேன்.

ராஜம்மா பிழைக்கவில்லை. நான் அவளுக்கு இளநீர் புகட்டிக்கொண்டே இருந்தபோது போய்விட்டாள். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்று வைத்திருந்தார்கள். நேரே அதன் முன்னால் போய் நின்று, வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் உள்ளே இன்னொருத்தி தண்ணீருக்குக் கூப்பிட்டாள். போனேன். திட்டியதற்குப் பதில் ஒன்றும் வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை. ராஜம்மா ஏன் போனாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததாய்ச் சொல்லிக்கொள்ளவும் மாட்டேன்.

4

டாக்டர் கேட்ட இரண்டு நாள் வாரக்கணக்காக நீண்டது. ருக்மணி என்று ஒரு மில் பெண், பதினெட்டு வயது இருக்கும். நூல் கண்டு சுற்றுகிற வேலை. அவள் கண் இமைகள் வீங்கி ஒட்டியிருந்தன. நாலைந்து நாள் எதுவும் தெரியாமல் கிடந்தாள். ஒரு காலையில் இமை கொஞ்சம் பிரிந்தது. முதலில் அவள் பார்த்தது என் முகத்தை.

நான் சட்டென்று திரும்பிக்கொண்டேன். அது பழக்கமாகிவிட்டது. யாராவது புதிதாய் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள்.

“உங்களுக்கும் வந்ததுங்களாக்கா?”

“ஆமா.”

“இம்புட்டா?”

“இதைவிட அதிகமா.”

“அப்ப நானும் பொழைச்சுக்குவேனுங்களா?”

அவள் குரலில் இருந்த ஆசையை எப்படி எழுதுவேன்? எத்தனையோ பேர் என் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். பரிதாபமாகப் பார்த்திருக்கிறார்கள், பார்க்காதது போல் பார்த்திருக்கிறார்கள். இவள் ஒருத்திதான் அதைப் பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவள். “பொழைச்சுக்குவே கண்ணு, என்னையப் பாரு” என்றேன். அதுவரை யாரிடமும் ‘என்னைப் பார்’ என்று சொன்னதே இல்லை.

அதற்குப் பிறகு புதிதாய் வருகிறவர்களின் பக்கத்தில் போய் முதலில் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்காருவேன். பேச வேண்டிய அவசியமே இருக்காது. சில பேர் பிழைத்தார்கள், சில பேர் போனார்கள். ருக்மணி பிழைத்தாள்.

அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றின அன்றைக்கு, அவள் அம்மா வேலிக்கு வெளியே நின்றுகொண்டு மகளைப் பார்த்துக் கும்பிட்டாள். நம்ம பக்கத்தில் அம்மை கண்டவர்களை ஆத்தா என்றே சொல்வோம், ஆத்தாள் இறங்கியிருக்கிறாள் என்போம். உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் வேப்பிலைத் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நிமிஷத்தில்தான் அது எனக்குப் புரிந்தது. கோயில் வாசலில், அவள் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நின்றவள் நான். இந்தச் சித்திரை முழுக்க யாருக்குத் தண்ணீர் கொடுத்தேன், யாருக்கு விசிறினேன், யார் காலைத் துடைத்துவிட்டேன்? ஒவ்வொரு பாயிலும் அவள்தானே கிடந்தாள்? மேலே உட்கார்ந்துகொண்டு முத்துப் போட்டவள் என்று நான் நினைத்தவள், கீழே வலியில் கிடந்து என்னிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேப்பமரத்தடிக் கல்லுக்குப் போய் மிச்சம் இருந்த தண்ணீரை ஊற்றினேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை. சும்மா ஊற்றினேன். மனசு அப்படி லேசாய் இருந்தது.

5

வைகாசி பிறந்ததும் அய்யன் வந்தார். சின்னம்மா சொல்லிவிட்டிருக்கிறாள். பஸ்ஸை விட்டிறங்கி, வெயிலில் நடந்து, குடையோடு முள்வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே விட அனுமதி இல்லை. நான் இந்தப் பக்கம் தள்ளி நின்றேன்.

“சத்தியமங்கலத்துப் பக்கம் ஒரு எடம் வந்திருக்குது கண்ணு. ரண்டாந்தாரம். கொழந்தைங்க இருக்குது. மூஞ்சி பெருசில்லைன்னு சொல்லிப்போட்டாங்க. நல்ல மனுசன்.”

ராமாத்தாளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. என்னால் யாருக்கும் தடை இல்லை. அந்த மனிதர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும், அய்யன் பொய் சொல்ல மாட்டார். ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் அழுதுகொண்டே சரி என்றிருப்பேன்.

“வேண்டாமுங்கய்யா” என்றேன்.

“ஏங் கண்ணு? நாங்க போன பொறகு உனக்குன்னு யாரு இருக்கறா?”

“தெரியலீங்க. பயமாத்தான் இருக்குதுங்க. ஆனாக் காத்தால எந்திரிக்கறப்ப எதுக்கு எந்திரிக்கறேன்னு தெரியுதுங்கய்யா. முன்னெல்லாம் அது தெரியாதுங்க.”

அய்யன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து ஒரு அம்மா, “ஆத்தா, தண்ணி” என்று கூப்பிட்டாள். நான் ஓடினேன். அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, இலையை மாற்றிவிட்டு வர நேரமாகிவிட்டது. கோபித்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தேன். குடையை மடக்கிவிட்டு அதே இடத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

“என்ன எலை அது?” என்று கேட்டார்.

“சந்தையில வாங்கற எலைங்க. முத்தினதா இருக்குது. கிழிஞ்சு புண்ணுல ஒட்டிக்குதுங்க. அதுவும் பத்தறதில்லீங்க.”

“ம்” என்றார். குடையை விரித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

அடுத்த வாரம் ஒரு பஸ் வந்து கொட்டாய்க்கு எதிரே ரோட்டில் நின்றது. மேலே கட்டுக் கட்டாக வாழையிலை. அத்தனையும் எங்கள் தோட்டத்துக் குருத்திலை, பட்டு மாதிரி. கீழே இறக்கிக் கொடுத்தவர் அய்யன். வேர்வையோடு வேலிக்கு வந்து, “பத்துமா கண்ணு?” என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன். அம்மை அடங்கும் வரைக்கும் வாரந்தோறும் அந்தப் பஸ்ஸில் இலை வந்தது. சத்தியமங்கலத்து இடத்தைப் பற்றி அப்புறம் அவர் பேசவேயில்லை. அம்மாவுக்கு மனசு ஆற இன்னும் நாளாயிற்று. ஆறியது.

6

மலாய் நாட்டுத் துறைமுகத்தில், கப்பலில் வருகிற நம் ஜனங்களை நோய் இல்லை என்று தெரியும்வரை தங்கவைக்கிற தடுப்பு முகாமுக்குத் தமிழ் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும், அம்மை கண்டவளாய் இருந்தால் நல்லது என்று அந்தக் கொட்டாய் டாக்டர்தான் விசாரித்துச் சொன்னார். “கடலைத் தாண்டியா?” என்று அம்மா கேட்டாள். அய்யன், “அங்கயும் நம்ம சனந்தானே போகுது” என்றார். நாகப்பட்டினம் வரைக்கும் கூட வந்து கப்பலேற்றினார்.

இங்கே இறங்கிய அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கரையில் ஒரு மலாய்க்காரர் கையை வீசிக்கொண்டு, “மாரி! மாரி!” என்று கத்திக்கொண்டிருந்தார். நமக்கு முன்னால் ஆத்தாள் வந்துவிட்டாளா என்று கை கூப்பிக் கும்பிட்டுவிட்டேன். அவர் இன்னும் பலமாக, “மாரி, மாரி!” என்றார். மலாய் மொழியில் அதற்கு ‘வா’ என்று அர்த்தம் என்று பிறகுதான் தெரிந்தது.

காலையில் முகாமுக்குப் போவேன். கப்பல் வந்தால் பொழுது போவதே தெரியாது. வராத நாளில் கம்பளி துவைத்துக் காயப்போடுவதும், மலாய் வார்த்தை கற்றுக்கொள்வதுமாகப் போகும். சாயங்காலம், முகாமில் மருந்து கட்டுகிற பக்கத்து வீட்டு டிரஸரின் இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னை அத்தை என்பார்கள். “அத்தை, பாசாருக்குப் போயி ஈக்கான் வாங்கலாமா?” என்று கேட்பார்கள். சந்தை என்று சொல், மீன் என்று சொல் என்பேன். “ஈக்கான்னா மீன்தானே அத்தை?” என்று என்னையே கேட்பார்கள். அவர்களுடைய அப்பா பிறந்த தஞ்சாவூர் அவர்களுக்கு ஏதோ ராஜா கதையில் வருகிற ஊர். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ‘ழ’ சொல்ல வரும்வரை விடுவதில்லை.

தனிமை இல்லை என்று சொல்லமாட்டேன். தீபாவளியன்று எண்ணெய் வைத்துவிட ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்த காலைகள் உண்டு. துணை இருந்தால் நன்றாய் இருக்கும் என்று நினைக்கிற நாளும் உண்டு. அந்த நினைப்பு வரும், உட்காரும், போகும். என்னைப் போட்டுப் புரட்டுவதில்லை.

போன மாதக் கப்பலில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து பத்து குடும்பம் வந்தது. அம்மை குத்த வரிசையில் நிறுத்தினோம். ஒரு பெண் மட்டும் குழந்தையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். பெயர் பழனாள். முகாம் காவலர் மலாயில் அதட்டினார், டிரஸர் தமிழில் அதட்டினார். அவள் அசையவில்லை. நான் போய் எதிரே உட்கார்ந்தேன்.

“ஏனுங்க அம்மணி, கொழந்தையைக் காட்டுங்க.”

நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “வேண்டாமுங்கக்கா. கையக் கீறினா ஆத்தா கோவிச்சுக்குவாளுங்க. ஏற்கெனவே ஒண்ணப் பறி குடுத்துப்போட்டேனுங்க.”

“எதுல போச்சுங்க?”

“அம்மையிலதானுங்க.”

அவள் கையைப் பிடித்து என் முகத்தில் வைத்தேன்.

“எங்கம்மாவும் இதே மாதிரித்தானுங்க என்னைய வாழைக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க. பாசத்துலதானுங்க ஒளிச்சாங்க. அப்பறம் ஆத்தா கூட நான் ரொம்ப நாள் இருந்திருக்கறேனுங்க, கிட்டத்துல. அவளுக்குத் தண்ணி குடுத்திருக்கறேன், தலைக்கு ஊத்தியிருக்கறேன். கொழந்தைங்க வலியில கெடக்கறது அவளுக்குப் பிடிக்காதுங்க. அவ கோவிச்சுக்க மாட்டா. எனக்குத் தெரியுமுங்க.”

பழனாள் என் கன்னத்திலிருந்து கையை எடுக்காமல் வெகு நேரம் பார்த்தாள். பிறகு சேலையை விலக்கினாள். உள்ளே மாநிறத்தில், கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை. கையைக் கீறியதும் வீல் என்று கத்தியது. அம்மாவும் சேர்ந்து அழுதாள். ஒரு வாரத்தில் அவர்களும் மற்றவர்களும் நல்லபடியாகத் தோட்டத்துக்கு லாரி ஏறிப்போனார்கள்.

7

முகாமிலிருந்து கொஞ்ச தூரத்தில், ரப்பர்த் தோட்டத்து ஓரமாக ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. தகரக் கூரை, சின்ன மேடை. வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறேன். இந்த வெள்ளிக்கிழமை மனசு நிறைந்து இருந்தது. தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

பூசாரி ராமநாதபுரத்துக்காரர். தட்டை வாங்கிக்கொண்டு, “யார் பேருக்கும்மா?” என்று கேட்டார்.

“பழனாள், அவ பொண்ணு வள்ளி” என்று ஆரம்பித்தேன். அந்தக் கப்பலில் வந்தவர்களின் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். துணைக்கு ருக்மணி, ராமாத்தாள், அவள் பிள்ளைகள், அம்மா, அய்யன். ராஜம்மா பெயரையும் சொன்னேன்.

“அம்மாடி, பெரிய குடும்பமா இருக்கே!” என்றார் பூசாரி. “இத்தனை பேர் எனக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? நான் சொல்லச் சொல்லப் பின்னாலே நின்னு எடுத்துக் குடு தாயி.”

அவர் கற்பூரத்தை ஏற்றினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு பெயராய் எடுத்துக் கொடுத்தேன்.